ஒன்றை மட்டும் குறியிடவும்

ரீகாவிலிருந்து காப்பீட்டுக்காரர்கள் அனுப்பிய படிவம்.
நான்காம் பக்கத்தில் ஐந்து கட்டங்கள்:
சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சி,
இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல்.
சேதத்துக்குக் காரணமான வினை எது?
ஒன்றை மட்டும் குறியிடவும்.

யார் எழுதினார்களோ,
பக்கத்தில் பள்ளிப் பாடநூலை விரித்துவைத்துக்கொண்டு.

பிப்ரவரி. தேவாலயத்துக்குள்ளேயே
என் பேனாவில் மை உறைந்துவிட்டது.
(அதற்குக் கட்டம் எதுவும் வேண்டாம்.
உள்ளங்கையில் உருட்டினால் சரியாகிவிடும்.)
ஆர்கனின் ஈயக் குழல்கள்
அடிப்பாகமெல்லாம் மாவு பூத்து நிற்கின்றன.
"தகர நோய்" என்றார் பாதிரியார் கிர்ட்ஸ்,
"குளிரில் வருமாமே?"
தகரத்துக்கு வரும். ஆனால் அது வினையே இல்லை,
அதே அணுக்கள் நாற்காலி மாறி உட்கார்வது.
இது வேறு.
இதில் வெளியாள் யாரோ உள்ளே வந்திருக்கிறார்கள்.

ஒரு சிட்டிகை சுரண்டினேன்.
பீங்கான் துண்டில் இட்டுச் சுடர் காட்டினேன்:
வெள்ளை சிவந்து, ஆறுகையில் மஞ்சளானது.
சூடு பொறுக்காமல் குடும்பம் பிரிந்தது. சிதைவு.
இன்னொரு சிட்டிகைமேல் நீர்த்த அமிலம். நுரை.
நுரையில் வந்த வாயு
சுண்ணாம்பு நீரைப் பாலாக்கியது.
தெளிந்த கரைசலில் அயோடைடு இரண்டு சொட்டு.
அடடா, அந்த மஞ்சள்!
இருபது வருடமாகப் பார்க்கிறேன்,
இன்னும் குனிந்துதான் பார்க்கிறேன்.
பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம்:
இரட்டை இடப்பெயர்ச்சி.
தனியே எடுத்துவைத்த மிச்சத்தில்
துத்தநாகத் தகடொன்றைத் தொங்கவிட்டுச்
சாப்பிடப் போனேன். கம்பு ரொட்டி, ஊறவைத்த மீன்.
திரும்பி வந்தால் தகடு முழுக்க
ஈயம் சாம்பல்நிற இலை விட்டிருந்தது.
இறங்கியவன் இடத்தில் ஏறி அமர்ந்தவன்.

ஆக, என் கண்ணாடிக் குப்பிகளுக்குள்
பாடநூலில் பாதி நடந்துவிட்டது.
ஆனால் அதெல்லாம் நான் நடத்தியது.
குழலுக்குள், யாரும் கேட்காமல், நடந்தது எது?

காற்று ஈயத்தின்மேல் மெல்லிய போர்வை நெய்தது.
காடியின் ஆவி வந்து போர்வையைக் கரைத்தது.
பிறகு ஞாயிறுதோறும் பாடியவர்களின் மூச்சு,
மெழுகுதிரிகள் எரிந்து விட்ட மூச்சு,
கரைந்ததை வெள்ளைப் பொடியாக உதிர்க்க,
காடி விடுபட்டுக்
கைவீசிக்கொண்டு அடுத்த அங்குலத்துக்கு நடந்தது.
கையும் களவுமாகப் பிடிக்க வழியில்லை.
இந்தத் திருடன் எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை.

காடி எங்கிருந்து? மூக்கே சொன்னது.
காற்றுப் பெட்டி. புது ஓக். பதினோரு வருடம்.
புயலில் சாய்ந்த மரத்தை
ஈரம் காயுமுன்னே அறுத்துக் கொடுத்தவர் வால்டிஸ்.
பித்தளைத் தகட்டில் பெயர் இருக்கிறது,
அடுத்த வசந்தத்தில் இறந்த தேதியும்.

அவர் மனைவி மிர்த்சா ஆர்கன் பலகையில் உட்கார்ந்திருந்தாள்,
விரல் நுனி வெட்டிய கையுறையோடு.
"யார் செய்ததென்று எழுதப்போகிறாய், அவுஸ்த்ரா?"
எனக்குச் சுற்றிவளைத்துச் சொல்ல வரும்.
கட்டம்தான் சிறியது.
"மரம்" என்றேன்.

எழுந்துபோய்ப் பெட்டியின் இடுக்கில்
மூக்கை வைத்து நெடுநேரம் இழுத்தாள்.
"அவரும் இப்படித்தான்.
கிட்டே நின்றால் புளிச்ச வாடை.
நாற்பது வருடம். எனக்கு ஒன்றும் ஆகவில்லையே?"
"நீ ஈயமில்லை" என்றேன்.
சிரித்தாள். சிரிப்பு வெண்புகையாய்க் கிளம்பி
குழல்களை நோக்கிப் போனது.
நான் தடுக்கவில்லை.

ஐந்து கட்டத்திலும் குறியிட்டேன்,
எரிதலிலும், அந்த மெழுகுதிரிகளுக்காக.
கீழே: பெட்டியை மாற்றவும்.
கோடையில் சன்னல்களைத் திறந்துவைக்கவும்.

மிர்த்சா ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தாள்.
காற்று முழுதாக வந்தது.
ஸ்வரம் பாதி.